அரைச் சுற்றில் முட்டி நின்ற எஞ்சின்

"முட்டுது சார்." இந்த ஒரு வார்த்தையை எங்கள் விடுதியில் புல் வெட்டும் வண்டி ஓட்டுகிற பெரியவர் மார்ச் முதல் வாரத்திலிருந்து ஏப்ரல் கடைசி வரை என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. வண்டி சரியாகி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது ஜூலை, வெளியே மழை கொட்டுகிறது, வெட்டின புல் மூன்றாம் நாளே கணுக்காலைத் தொடுகிறது, வண்டி ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. ஆனாலும் அந்த வார்த்தை மனசிலிருந்து இறங்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கேத்தி பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு விடுதியின் பராமரிப்பு என் பொறுப்பு. இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புல்வெளி, அதில் பாதி சரிவு. ஊட்டிப் பக்கம் புல்வெளி வைத்திருக்கிறவர்களுக்கு கிகுயு புல்லைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. மெத்தை மாதிரி படரும், வேர் ஒரு பக்கம், கொடி ஒரு பக்கம் என்று ஓடும், ஈரத்தில் பிளேடைச் சுற்றிக்கொள்ளும். முன்பெல்லாம் பிரஷ் கட்டர் வைத்து இரண்டு பேர் மூன்று நாள் வெட்டுவார்கள், முதுகு போய்விடும். அப்புறம் சமவெளியில் ஒரு இடத்திலிருந்து பழைய வண்டி ஒன்று வந்தது. உட்கார்ந்து ஓட்டுகிற வகை, ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், பெட்ரோல். அதை ஓட்டத்தான் பெரியவரைப் போட்டோம். கீழே கேத்தியில் அவருக்குக் கொஞ்சம் கேரட் நிலம் உண்டு, விடுதி வேலை போக மிச்ச நேரமெல்லாம் அதில்தான் இருப்பார்.

பனிக்காலத்தில் இங்கே புல் வளராது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து புல்லே கருகிப் பழுப்பாகக் கிடக்கும். வண்டி அந்த மூன்று மாதமும் ஷெட்டில்தான். மார்ச்சில் முதல் தூறல் விழுந்ததும் சீசனுக்கு முன்னால் ஒரு வெட்டு வெட்டிவிடலாம் என்று வெளியே எடுத்தோம். அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கும். எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. எஞ்சினின் கிராங்க், அதாவது பிஸ்டன் சுற்றிவிடுகிற தண்டு, செங்குத்தாக இருப்பதால் ஃப்ளைவீலும் அதன் விசிறியும் மேலே தெரியும், புல் உள்ளே போகாமல் ஒரு சல்லடை மூடி போட்டிருக்கும். அந்த மூடி ஒரு அரைச் சுற்று சுற்றும், அப்புறம் சுவரில் மோதினது மாதிரி நின்றுவிடும். மறுபடி திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும். நாலைந்து தடவை இப்படிப் பண்ணினால் ஒரு தடவை எப்படியோ தாண்டிவிடும், எஞ்சின் பிடித்துவிடும். பிடித்த பிறகு ஒரு குறையும் இருக்காது, மதியம் வரைக்கும் ஓடும். அணைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடியும் அரைச் சுற்று.

குளிரின் மேல் பழி

மலையில் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. காலையில் எது ஸ்டார்ட் ஆகவில்லை என்றாலும் குளிர்தான் காரணம், குளிர் என்றால் பேட்டரிதான். அது பொய்யும் இல்லை. குளிரில் லெட் ஆசிட் பேட்டரியின் பலம் குறையும், எஞ்சின் ஆயில் கெட்டியாகி செல்ஃபுக்குப் பாரம் கூடும், இரண்டும் சேர்ந்து காலை ஏழு மணிக்குக் கழுத்தை அறுக்கும். அதனால் நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 12.5 வோல்ட். சாவியைத் திருப்பும்போது எட்டுக்கு இறங்கியது. முடிந்தது, பேட்டரி போச்சு என்று முடிவு கட்டினேன்.

புது 35 ஆம்பியர் பேட்டரி போட்டோம். நாலு நாள் பரவாயில்லை போல இருந்தது, அப்புறம் அதே கதை. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார், அதுவும் அதே கதை. ரிலே மாற்றினேன். எர்த் வயரைக் கழற்றி, சேஸிஸில் அது உட்காருகிற இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வயர் இழுத்தேன். செல்ஃப் மோட்டாரைக் கழற்றி மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பினேன், அங்கே பிரஷ் மாற்றி புஷ் போட்டு அனுப்பினார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. நான் சொன்னதை அவர்கள் செய்தார்கள்.

இப்போது யோசித்தால் அந்த எட்டு வோல்ட்தான் என்னை ஏமாற்றியது. சுற்றாமல் முட்டி நிற்கிற மோட்டார், சுற்றுகிற மோட்டாரைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அப்போது எவ்வளவு நல்ல பேட்டரியாக இருந்தாலும் வோல்ட் இறங்கத்தான் செய்யும். வோல்ட் இறங்கியதால் எஞ்சின் நிற்கவில்லை, எஞ்சின் நின்றதால்தான் வோல்ட் இறங்கியது. முன்னது எது, பின்னது எது என்று நான் மாற்றிப் படித்திருக்கிறேன். மீட்டர் காட்டினது சரியான நம்பர், அதற்கு நான் கொடுத்த அர்த்தம்தான் தப்பு.

இத்தனையும் நடக்கும்போது பெரியவர் தன் வழியில் வேலையை ஓட்டிக்கொண்டிருந்தார். சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, மூடியைக் கையால் பிடித்து எஞ்சினைப் பின்பக்கமாகக் கொஞ்சம் திருப்புவார். ஒரு கால் சுற்று, சில சமயம் அதற்கும் மேலே. கை ஒரு இடத்தில் நிற்கும். அப்புறம் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, சாவியைப் போட்டுத் திருப்புவார். பத்துக்கு ஏழு தடவை பிடித்துவிடும். நான் இதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஏதோ கைப்பழக்கம் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் நாலு பேர் இருக்கும்போது, "பிரேக்கை முழுசா மிதிச்சாத்தான் சுவிட்ச் வேலை செய்யும், அது தெரியாம வண்டி மேல குத்தம் சொல்றீங்க" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். இந்த மாதிரி வண்டிகளில் பிரேக் மிதிக்காமல், பிளேடு கிளட்சை அணைக்காமல் ஸ்டார்ட் ஆகாதபடி சுவிட்ச் வைத்திருப்பார்கள், அது உண்மை. ஆனால் அந்த சுவிட்ச் வேலை செய்யாவிட்டால் செல்ஃப் எடுக்கவே எடுக்காது. அரைச் சுற்று சுற்றி நிற்காது. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. "சரிங்க சார், ஆனா முட்டுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஓடைக்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஏப்ரல் கடைசி ஞாயிறு. கோடை மழை இரண்டு வாரமாக ஏமாற்றிக்கொண்டிருந்தது. மே மாதம் மலர்க்கண்காட்சிக்குக் கூட்டம் வந்துவிடும், விடுதி நிறைந்துவிடும், புல்வெளியோ பாதி வெட்டி பாதி வெட்டாமல் கிடந்தது. மறுநாள் கொஞ்சம் சீக்கிரம் வரமுடியுமா என்று கேட்கத்தான் அவரைத் தேடிக் கீழே போனேன். போன் எடுக்கவில்லை. நிலத்தில்தான் இருப்பார் என்று வீட்டில் சொன்னார்கள்.

படிப்படியாக இறங்குகிற வயல்களுக்கு அடியில் ஓடை. ஓடைக்கரையில் தகரம் போட்ட ஒரு சின்ன மறைப்பு, அதற்குள் பழைய டீசல் பம்ப் செட். ஒற்றை சிலிண்டர், பெரிய இரும்புச் சக்கரம், ஹேண்டில் போட்டுச் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற வகை. கேரட்டுக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். நான் போன சமயம் அவர் ஹேண்டிலை மாட்டிக்கொண்டிருந்தார்.

இடது கையால் சிலிண்டர் தலைமேல் இருந்த சின்ன லீவரைத் தூக்கிப் பிடித்தார். வலது கையால் ஹேண்டிலைச் சுற்றினார். சக்கரம் லேசாகச் சுற்றியது, 'புஸ் புஸ்' என்று காற்று மட்டும் வந்தது. வேகம் ஏற ஏற அவர் தோள் மட்டும் ஆடியது. ஒரு கட்டத்தில் லீவரைப் படக்கென்று விட்டார். 'டுப்' என்று ஒரு சத்தம், ஒரு வளையம் கறுப்புப் புகை, அப்புறம் 'டுப் டுப் டுப்' என்று ஓட ஆரம்பித்துவிட்டது. அறுபது தாண்டின மனுஷர், ஐம்பது கிலோகூடத் தேறமாட்டார். மூச்சு வாங்கவில்லை.

பைப்பில் எங்கேயோ காற்று பிடித்திருந்தது, அதனால் அணைத்துவிட்டு ஃபுட் வால்வைப் பார்க்கப் போனார். திரும்பி வந்ததும் நான் ஒரு ஆசையில், "நான் சுத்தட்டுமாண்ணே?" என்றேன். ஹேண்டிலைக் கொடுத்தார். எனக்கு லீவர் ஞாபகமே இல்லை. இரண்டு கையாலும் பிடித்துச் சுற்றினேன். பாதிச் சுற்று சுலபமாக வந்தது. அப்புறம் சுவர். மணிக்கட்டில் இருந்து தோள்பட்டை வரைக்கும் அந்த முட்டல் ஏறியது. உடம்பையே சாய்த்துப் பார்த்தேன், ஒரு விரற்கடை நகர்ந்தது, சக்கரம் திரும்பி என்னைப் பின்னால் தள்ளியது.

அந்த நொடியில் எனக்குக் கீழே இருந்த பம்ப் செட் மறந்துவிட்டது. ஷெட்டுக்கு முன்னால் நிற்கிற வண்டியின் மூடிதான் கண்ணில் வந்தது. அரைச் சுற்று, சுவர். என் கை இப்போது எதை உணர்ந்ததோ, அதைத்தான் அந்த செல்ஃப் மோட்டார் எட்டு வாரமாக உணர்ந்துகொண்டிருந்தது.

பெரியவர் என் கையைப் பார்த்தார். "தம்பி, டீகம்ப்ரஷன தூக்காம சுத்தினா இப்படித்தான் முட்டும். அந்த வண்டியும் இப்படித்தான் முட்டுதுன்னு மார்ச்சுல இருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்." விடுதியில் அவருக்கு நான் சார். அவர் நிலத்தில் தம்பி. மேலே கேத்தி ஸ்டேஷன் பக்கம் ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது. நான் ஹேண்டிலைப் பிடித்தபடியே நின்றேன். "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை, "லீவரத் தூக்குங்க, நான் சுத்துறேன்" என்றார். தண்ணீர் ஏறுகிற வரைக்கும் இருந்துவிட்டு வந்தேன்.

வால்வு மூடிக்குள்ளே

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே ஏறும்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும், காற்று நசுங்கும். அதுதான் கம்ப்ரஷன். அது இல்லாமல் எஞ்சின் ஓடாது, ஆனால் ஸ்டார்ட் பண்ணும்போது அதுதான் எதிரி. டீசல் பம்ப் செட்டில் அதைக் கையால் தளர்த்த லீவர் இருக்கிறது. புல் வெட்டும் வண்டியில் லீவர் கிடையாது, ஆனால் அதே வேலையைத் தானாகச் செய்கிற ஏற்பாடு உள்ளே, வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாப்டில் இருக்கிறது. மெதுவாகச் சுற்றும்போது ஒரு சின்ன மேடு ஒரு வால்வை மயிரிழை அளவு தூக்கிப் பிடிக்கும், கொஞ்சம் காற்று கசியும், செல்ஃபுக்குப் பாரம் குறையும். எஞ்சின் பிடித்து வேகம் வந்ததும் அந்த மேடு ஒதுங்கிக்கொள்ளும், கம்ப்ரஷன் முழுசாகக் கிடைக்கும். இதைத் தளர்த்தி வைக்க நம் கை தேவையில்லை, அதனாலேயே அது இருக்கிறது என்பதே நமக்குத் தெரிவதில்லை.

மயிரிழை அளவு தூக்குகிற மேடு என்பதால், வால்வை அழுத்துகிற ராக்கர் ஆர்முக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி, அதாவது டேப்பட், அளவுக்கு மேல் விட்டுப்போனால், அந்த மேடு தூக்குகிற உயரம் முழுக்க இடைவெளியை நிரப்புவதிலேயே போய்விடும். வால்வு திறக்காது. கம்ப்ரஷன் குறையாது. செல்ஃப் முட்டி நிற்கும். ஓட ஆரம்பித்த பிறகு பெரிய கேம் மேடு வால்வை எப்படியும் திறந்துவிடும், அதனால் ஓடும்போது பெரிதாக ஒரு குறையும் தெரியாது. எங்கள் வண்டி மதியம் வரை அழகாக ஓடினதற்கு இதுதான் காரணம்.

பெரியவர் எஞ்சினைப் பின்னால் திருப்பி வைத்ததும் இப்போது புரிந்தது. பிஸ்டனை முட்டுகிற இடத்திலிருந்து தூரமாகக் கொண்டுபோய் வைத்தால் செல்ஃபுக்கு ஓடி வந்து மோத இடம் கிடைக்கிறது. அந்த வேகத்தில் கம்ப்ரஷனைத் தாண்டிவிடுகிறது. நோய் எங்கே என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

ஞாயிறு சாயங்காலமே ஷெட்டுக்குப் போனேன். முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பார்த்தேன். கார்பரேட்டர் ஊசி சரியாக மூடாமல் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தாலும் இதே மாதிரி முட்டும், அப்போது ஆயிலில் பெட்ரோல் வாடை அடிக்கும், அளவும் ஏறியிருக்கும். வாடை இல்லை, அளவும் சரி. அப்புறம் பிளக்கைக் கழற்றினேன், பிளக் வயரைத் தூரமாக எர்த்தில் மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். விர்ரென்று சுற்றியது. அரைச் சுற்றாவது, சுவராவது. பேட்டரி, ரிலே, வயர், மோட்டார் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று அந்தச் சத்தமே சொல்லிவிட்டது. ஐந்து நிமிஷ வேலை. மார்ச் மாதம் முதல் நாளே செய்திருக்கலாம்.

மறுநாள் காலை பெரியவர் வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து வால்வு மூடியைத் திறந்தோம். நாலு போல்ட். பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை பிளக் ஓட்டை வழியாக ஒரு பென்சிலை விட்டுப் பார்த்தோம். உச்சிக்கு வந்து, அதற்கப்புறம் கால் அங்குலம் இறங்கின இடத்தில் நிறுத்த வேண்டும். சரியாக உச்சியிலேயே வைத்து அளந்தால் அந்தச் சின்ன மேடு வால்வில் பட்டுக்கொண்டிருக்கலாம், அளவு தப்பாகக் காட்டும். இந்த எஞ்சினுக்குக் கையேடு சொல்கிற அளவு இன்லெட் வால்வுக்கு 0.08 முதல் 0.13 மில்லிமீட்டர், எக்ஸாஸ்டுக்கு 0.13 முதல் 0.18. இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜில் 0.15 தகட்டை இன்லெட்டில் விட்டேன், காற்றில் விட்ட மாதிரி போனது. 0.25 போனது. 0.30 லேசாக உரசிக்கொண்டு போனது. இருக்க வேண்டிய அளவுக்கு இரண்டு மடங்குக்கும் மேல். எக்ஸாஸ்டும் கொஞ்சம் விட்டிருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை இதைப் பார்க்கச் சொல்லி அதே கையேட்டில் எழுதியிருக்கிறது. எங்களிடம் வந்த பிறகு யாரும் பார்க்கவில்லை, அதற்கு முன்னால் யாராவது பார்த்தார்களா என்பதற்கு அடையாளமும் இல்லை.

லாக் நட்டைத் தளர்த்தி, 0.10 தகட்டை வைத்து, திருகு இறுகுகிற வரைக்கும் கொண்டுவந்து, தகடு கையில் மெல்ல இழுபடுகிற பதத்தில் நட்டைப் பிடித்தேன். நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து ஓடும், அதனால் இறுக்கின பிறகு மறுபடி அளக்க வேண்டும். மூன்று தடவை அளந்தேன். எக்ஸாஸ்ட் 0.15. பெரியவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றார். வால்வு மூடியைப் போட்டு, பிளக்கை மாட்டி, சாவியை அவரிடம் கொடுத்தேன். அவர் பழக்கத்தில் சல்லடை மூடியைப் பின்னால் திருப்பக் கையைக் கொண்டுபோனார், "வேண்டாம்ணே, அப்படியே போடுங்க" என்றேன். ஏறி உட்கார்ந்தார், பிரேக்கை மிதித்தார், திருப்பினார். மூடி நிற்காமல் நாலைந்து சுற்று சுற்றியது, எஞ்சின் பிடித்துவிட்டது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். மறுபடி பிடித்தது. மூன்றாவது தடவையும். "இப்ப முட்டல" என்றார். பிளேடை இறக்கிவிட்டு கீழ்ச் சரிவைப் பார்த்துப் போனார்.

மலை என்பதற்காக

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இங்கே பல பேர் குழம்புகிற இடம் இது. உயரத்தில் காற்று கம்மி. கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு அழுத்தம்தான் இங்கே. அப்படியென்றால் சிலிண்டருக்குள் போகிற காற்றும் கம்மி, கம்ப்ரஷனும் கம்மி. டேப்பட் இவ்வளவு விட்டுப்போன எஞ்சின் கோயம்புத்தூரில் இருந்திருந்தால் இன்னும் முன்னாலேயே முட்டியிருக்கும். அதாவது இந்தக் கோளாறுக்கு மலையும் காரணமில்லை, குளிரும் காரணமில்லை.

மலை வேறு ஒன்றைச் செய்கிறது. காற்று குறையும்போது கார்பரேட்டர் அதே அளவு குறைத்துப் பெட்ரோல் விடாது, அதனால் கலவையில் பெட்ரோல் கூடிப்போகும். பிளக்கைக் கழற்றினபோது கரி பிடித்துக் கறுப்பாக இருந்தது இதனால்தான். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற, சமவெளிக்கென்று போட்ட மெயின் ஜெட்டை எடுத்துவிட்டு ஒரு அளவு சின்னது போட்டதும் புகை குறைந்தது. இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அது ஈரத்தை இழுக்கும். நீலகிரி மாதிரி மூடுபனி ஊரில் மூன்று மாதம் டேங்கில் பெட்ரோலை வைத்தால் கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தங்கிவிடும். இனிமேல் டிசம்பரில் டேங்கையும் கிண்ணத்தையும் காலி பண்ணிவிட்டுத்தான் ஷெட்டில் ஏற்றுவது என்று வைத்திருக்கிறோம்.

நோட்டில் இருந்தது

விடுதியில் எல்லா மெஷினுக்கும் ஒரு பராமரிப்பு நோட்டு உண்டு. என்ன புகார், என்ன செய்தோம், என்ன செலவு என்று நான்தான் எழுதுவேன். மே மாதம் செலவுக் கணக்கு கொடுப்பதற்காக அதைத் திருப்பிப் பார்த்தேன். மார்ச்சிலிருந்து ஏப்ரல் வரை 'புகார்' என்ற கட்டத்தில் ஒன்பது தடவை என் கையெழுத்தில் "பேட்டரி வீக்" என்று இருந்தது. அவர் ஒரு தடவைகூட பேட்டரி என்று சொன்னதில்லை. அவர் சொன்னது முட்டுது. அவர் சொன்னதைக் கேட்டு, என் தலைக்குள் மாற்றி, மாற்றினதை அவர் சொன்ன இடத்தில் எழுதியிருக்கிறேன். ஒன்பது தடவை. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேட்டரிக் காசு, ரிலே, மோட்டார் வேலை, போக்குவரத்து எல்லாம் போனது போகட்டும். நாலு பேர் முன்னால் நான் சத்தம் போட்டது அந்த நோட்டில் இல்லை, ஆனால் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்தக் கட்டத்தில் இப்போது அவர் வாயில் வருவதை அப்படியே எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை எழுதினது: "மேடேறி இடப்பக்கம் ஒடிக்கும்போது செருமுது." இடப்பக்கம் மட்டும், மேட்டில் மட்டும், நின்றுபோவதில்லை, செருமுகிறது. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்து சாயும்போது குழாய்க்கு எட்டாமல் போகலாம். இல்லை, அந்த ஒடிப்பில் அவர் சாயும்போது அவர் எடைக்கு, ஆள் உட்கார்ந்திருந்தால்தான் எஞ்சினை ஓடவிடுகிற சீட் சுவிட்ச் ஒரு கணம் விட்டுவிட்டுப் பிடிக்கலாம். நாளைக்கு மழை விட்டால் டேங்கை முழுசாக நிரப்பி, அவரையே ஓட்டச் சொல்லி, அந்த மேட்டில் நான் பக்கத்திலேயே நடந்து போய்ப் பார்க்கப் போகிறேன்.